வீட்டு பிளான்: பிரிண்ட் மட்டும் போதாது, ஃபைலையும் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கம்ப்யூட்டரில் போட்ட பிளான் என்றால் சீக்கிரம் கிடைக்கும், பார்க்க நேர்த்தியாக இருக்கும் என்பதோடு வீடு கட்டுபவர்கள் பலர் நின்றுவிடுகிறார்கள். கை பழகிய டிராஃப்ட்ஸ்மேன் மினி டிராஃப்டரை (வரைபலகையில் மாட்டிக் கோடு போடும் கருவி) வைத்துக்கொண்டு முதல் பிளானை வேகமாகவே போட்டுவிடுவார். வித்தியாசம் தெரிவது திருத்தம் வரும்போதுதான்.

மாடிப்படியை எடுத்துக்கொள்ளுங்கள். தளத்துக்குத் தளம் 10 அடி, படி உயரம் 6 அங்குலம் என்றால் 20 ஏற்றம். நடுவில் திரும்பும் படிக்கட்டில் பக்கத்துக்கு 10 ஏற்றம், 9 மிதி (கால் வைக்கும் இடம்; கடைசி ஏற்றம் ஏறினால் மேடையோ தளமோ வந்துவிடும்). மிதி 10 அங்குலம் என்றால் நீளம் 7 அடி 6 அங்குலம். வீட்டுக்காரர் 'உயரத்தை அரை அடி கூட்டுங்கள்' என்கிறார். இப்போது 21 ஏற்றம். ஒரு பக்கம் 11 ஏற்றம், 10 மிதி, நீளம் 8 அடி 4 அங்குலம். சுவர் 10 அங்குலம் தள்ளியாக வேண்டும். கையால் வரைந்த பிளான் என்றால், டிரேசிங் ஷீட்டில் மைக்கோட்டை பிளேடால் சுரண்ட வேண்டும். சுரண்டிய இடத்தில் மறுபடி கோடு போட்டால் மை பரவும். அதுவும் தரைத்தளம், மேல்தளம், குறுக்குவெட்டு, முகப்பு என எல்லாவற்றிலும்.

ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளில் ஸ்ட்ரெச் (இழுத்து நீட்டும்) கட்டளை கொடுத்து, வலமிருந்து இடமாகக் கட்டம் இழுத்துச் சுவர், ஜன்னல், அளவுக்கோடு மூன்றையும் பிடித்து 10 அங்குலம் நகர்த்தினால் போதும். அளவு எண்ணும் தானே மாறும். ஆனால் பிளானில் மாற்றியது குறுக்குவெட்டிலும் மாறியிருக்கும் என்று நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள். சாதாரண இருபரிமாண வரைபடத்தில் அவை தனித்தனிக் கோடுகள். ஒவ்வொன்றையும் திருத்த வேண்டும். ரெவிட் போல, கட்டடத்தையே மாதிரியாக எழுப்பும் மென்பொருளில்தான் எல்லாம் சேர்ந்து மாறும்.

துல்லியத்துக்கு ஒரு கணக்கு போதும். 1:100 அளவில் வரைந்த 0.3 மி.மீ. பேனாக்கோடு, தரையில் 3 செ.மீ. அகலம். எந்த ஓரத்திலிருந்து அளப்பது? போதாததற்கு மழைக்கால ஈரத்தில் டிரேசிங் ஷீட் விரியும். கம்ப்யூட்டரில் வீட்டை முழு அளவிலேயே வரைகிறோம். ஸ்கேல் என்பது பிரிண்டுக்கு மட்டும். மூடிய பாலிலைனாக (ஒரே தொடராக இணைந்த கோடாக) இருந்தால் பரப்பளவையும் அதுவே சொல்லும். மூலையில் கோடு முட்டாமல் ஒரு மயிரிழை விட்டிருந்தாலும் ஹாட்ச் (உள்ளே நிரப்பும் கோட்டு வேலை) நிரம்ப மறுக்கும்.

இத்தனை வசதியையும் ஒரே தட்டில் கெடுக்கலாம். அளவு எண்ணை இருமுறை கிளிக் செய்து, வேண்டிய எண்ணைக் கையால் அடித்துவிட முடியும். 9 அடி 9 அங்குல அறைமேல் 10 அடி என்று எழுதிவிட்டால் பிரிண்டில் யாருக்கும் தெரியாது; பிறகு சுவரை நகர்த்தினாலும் அந்த எண் மாறாது. இதை அவசரம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது, சோம்பல்தான். வீட்டுக்காரரே கூட்டிப் பார்க்கலாம்: 9 அங்குலச் சுவர் மூன்று, அறைகள் 10 அடியும் 12 அடியும் என்றால் வெளி அளவு 24 அடி 3 அங்குலம். பிளானில் 24 அடி என்று இருந்தால் 3 அங்குலத்தை யாரோ விழுங்கியிருக்கிறார்கள்.

பிரிண்டிலும் ஒரு வில்லங்கம். ஏ3 தாளுக்கு 1:100-இல் அமைத்த பிளானை, 'தாளுக்குப் பொருத்து' என்று கொடுத்து ஏ4-இல் எடுத்தால் ஏறக்குறைய 1:141 ஆகிவிடும். மேஸ்திரி ஸ்கேல் வைத்து அளந்தால் 10 அடி அறை 7 அடி என்று வரும். வரைபடத்திலேயே ஓர் அளவுக்கோல் பட்டை போடச் சொல்லுங்கள். தாளோடு சேர்ந்து அதுவும் சுருங்கும் என்பதால் ஏமாற்றாது.

பணம் கொடுத்து முடிக்கும் முன் டி.டபிள்யூ.ஜி. ஃபைலையும் (ஆட்டோகேடில் திருத்தக்கூடிய மூல ஃபைல்) வாங்கிவிடுங்கள். பி.டி.எஃப். மட்டும் கையில் இருந்தால், பத்து ஆண்டு கழித்து மாடி எடுக்கும்போது பெரும்பாலும் முதலிலிருந்து வரைய வேண்டியிருக்கும். மென்பொருளின் புதிய பதிப்பில் சேமித்த ஃபைல் பழைய பதிப்பில் திறக்காமல் போகலாம். பழைய வடிவத்தில் ஒரு பிரதியும் கேளுங்கள். பாமினி போன்ற பழைய வகை எழுத்துருவில் தட்டிய தமிழ், அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். யூனிகோடில் அடிக்கச் சொன்னால் அந்தத் தொல்லை இருக்காது.

கையால் வரைந்த காலத்தில் மூலப்பிரதி ஒன்றே ஒன்று. இப்போது 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'கடைசி ஃபைனல்' என்று பெருகிக் கிடக்கின்றன. சைட்டில் கம்பி கட்டுபவர் கையில் இருப்பது எது என்று யாருக்கும் தெரிவதில்லை. ஒவ்வொரு தாளின் மூலையிலும் திருத்த எண்ணும் தேதியும் இருக்க வேண்டும். பழைய பிரிண்டைத் திருப்பி வாங்கிக் கிழித்த பிறகே புதியதைக் கொடுங்கள்.

இப்படிக்கு,
கட்டட வரைபடப் பணியில் உள்ளோர்,
திருச்சி