பாட்டி எதற்காக எழுந்திருக்கிறாள்?

அன்புள்ள மகளுக்கு,

நாங்கள் நலம். நீ அனுப்பிய ஒத்திகைக் காணொளியை அம்மாவும் நானும் சேர்ந்து பார்த்தோம். பிள்ளைகள் இவ்வளவு தெளிவாகத் தமிழ் பேசுகிறார்களே என்று அம்மா மகிழ்ந்துபோனாள். அவள் உறங்கச் சென்ற பிறகு நான் அதை நிறுத்தி நிறுத்தி மறுபடியும் பார்த்தேன். பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கத்தின் நாடகத்தை இயக்கும் பொறுப்பு உன்னிடம் வந்திருப்பதில் எனக்குள்ள பெருமையைத் தொலைபேசியிலேயே சொல்லிவிட்டேன். நீ கேட்ட கேள்விக்குத்தான் தொலைபேசியில் பதில் சொல்லி முடியாது. எல்லாரும் வசனத்தைப் பிழையில்லாமல் சொல்கிறார்கள், ஆயினும் மேடையில் மரமாக நிற்கிறார்கள், அவர்களை எப்படி நகர்த்துவது என்று கேட்டாய். வேலை முடிந்த மாலைகளில் சமூக மன்ற அறைகளில் தமிழ் நாடகங்களுக்கு மேடை நிர்வாகம் பார்த்த காலத்தில், இயக்குநர்கள் பலரின் பக்கத்து நாற்காலியில் அமர்ந்து கவனித்ததையும் குறித்துவைத்ததையும் கொண்டு எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

நடிகரை எங்கே நகர்த்துவது என்று முடிவு செய்வதற்கு முன்னால், அந்தப் பாத்திரம் அந்த நொடியில் யாரிடமிருந்து எதைப் பெற விரும்புகிறது என்று அவரையே கேள். உன் இரண்டாம் காட்சியை எடுத்துக்கொள்வோம். சிங்கப்பூரின் பழைய பேட்டையான தோ பாயோவில் உள்ள நான்கறை வீட்டை விற்றுவிட்டுப் புதிய பேட்டையான பொங்கோலுக்குப் போகப் போவதாக மகன் சொல்கிறான். அந்த வசனம் முடிந்ததும் பாட்டி எழுந்து சன்னலருகே போக வேண்டும் என்று நீ சொல்லியிருக்கிறாய். பாட்டியாக நடிக்கும் பெண் எழுந்திருக்கும்போது அவளுடைய கண்கள் மகனைப் பார்க்கவில்லை, சன்னலையும் பார்க்கவில்லை; தரையில் நீ ஒட்டியிருக்கும் நாடாவைத்தான் பார்க்கின்றன. அதைத் தேடிக் கண்டுபிடித்து, அதன் மேல் சரியாகக் கால் வைத்து நின்ற பிறகுதான் அவள் பாட்டியாகிறாள். இடையில் கழிந்த அந்த மூன்று நான்கு நொடிகளில் மேடையில் யாருமே இல்லை.

பாட்டிக்கு என்ன வேண்டும் என்று அந்தப் பெண்ணைக் கேட்டுப் பார். தன் கண்ணீரை மகன் பார்க்கக்கூடாது என்று அவள் நினைத்தால் சன்னலுக்குப் போவது சரிதான். பேத்தியின் காதில் இந்தப் பேச்சு விழக்கூடாது என்று நினைத்தால் அவள் போக வேண்டிய இடம் உள்ளறையின் கதவு. தாத்தாவின் படத்துக்கு முன்னால் நின்று அதே வார்த்தையைச் சொல்லட்டும் பார்க்கலாம் என்று மகனுக்குச் சவால் விட்டால், படம் மாட்டிய சுவரை நோக்கிப் போய் அவன் வருவதற்காகக் காத்திருப்பாள். எழுந்திருக்காமலே மகனின் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைப்பதும் உண்டு. வசனம் ஒன்றுதான், நகர்வு ஒவ்வொன்றும் வேறு, நாடகமும் ஒவ்வொன்றில் வேறாகிவிடுகிறது. அவளே ஒன்றைத் தேர்ந்துகொண்டால் தரையில் எதையும் தேட மாட்டாள்.

இதைப் பெரியவர்களும் காலப்போக்கில்தான் கண்டடைந்தார்கள். 1898இல் மாஸ்கோ கலை அரங்கு ரஷ்ய எழுத்தாளர் செக்காவின் ‘கடற்பறவை’ நாடகத்தை மேடையேற்றியபோது, அதன் இயக்குநர் ஸ்தானிஸ்லாவ்ஸ்கி நடிகர்களைவிட்டு வெகு தொலைவில் தம் சகோதரரின் பண்ணையில் இருந்துகொண்டே, யார் எப்போது எழுந்து எங்கே நடந்து எவ்வளவு நேரம் மௌனமாக இருக்க வேண்டும் என்பதையெல்லாம் வரைபடங்களுடன் எழுதி அனுப்பினார். அதை வைத்து மாஸ்கோவில் வேறொருவர் ஒத்திகை நடத்தினார். அந்த நாடகம் பெரும் வெற்றி பெற்றது. அப்படி இருந்தும் வாழ்நாளின் கடைசி ஆண்டுகளில் அவர் அந்த வழியைக் கைவிட்டு, நடிகர்கள் ஆசிரியரின் வசனத்தை மனப்பாடம் செய்வதற்கு முன்பே, காட்சியில் நடப்பதைத் தம் சொந்தச் சொற்களிலும் செயல்களிலும் செய்து பார்க்கும் முறைக்கு வந்து சேர்ந்தார். முதல் வழியில் வெற்றி கண்ட ஒருவர் ஏன் அதை விட்டார் என்பதை உன் நடிகர்களைப் பார்க்கும்போது நீயே உணர்வாய்.

சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்த உன் நடிகர்களுக்கு இந்த இரண்டாம் வழி மிகவும் தேவை என்று நினைக்கிறேன். இடைவேளையில் அவர்கள் ஆங்கிலத்தில் பேசிச் சிரிக்கும் பகுதியையும் நீ வெட்டாமல் அனுப்பியிருந்தாய், அது நல்லதாகப் போயிற்று. அங்கே மகனாக நடிக்கும் பையன் நாற்காலியின் முதுகில் கையை ஊன்றிச் சாய்ந்து நிற்கிறான், தோளைக் குலுக்குகிறான், கையை விரித்துப் பேசுகிறான். காட்சி தொடங்கித் தமிழ் வந்ததும் இரண்டு கைகளும் தொடையோடு ஒட்டிக்கொள்கின்றன, பள்ளியில் பேச்சுப் போட்டிக்கு நின்றதுபோல் உடம்பு விறைத்துவிடுகிறது. அவன் நினைப்பெல்லாம் அடுத்த சொல்லைப் பிழையில்லாமல் உச்சரிப்பதிலேயே இருப்பதால் பாட்டியைப் பார்க்க அவனுக்கு நேரமில்லை. ஆகவே ஒருநாள் பிரதியை மூடிவைத்துவிட்டு, வீட்டில் பேசுவதைப் போல, ஆங்கிலம் கலந்தாலும் பரவாயில்லை என்று சொல்லி, அந்தக் காட்சியை அவர்கள் வாய்க்கு வந்தபடி நடத்திப் பார்க்கச் சொல். தமிழ்ச் சங்க ஒத்திகையில் ஆங்கிலமா என்று யாராவது முகம் சுளிக்கலாம், பொருட்படுத்தாதே. அப்போது கால்கள் தாமாக எங்கே போகின்றன என்பதை மட்டும் நீ குறித்துக்கொள். பிறகு அதே கால்களோடு பிரதியின் தமிழுக்குத் திரும்புங்கள். எழுத்துத் தமிழாகக் கிடக்கும் இரண்டொரு வசனம் அப்போதும் நாவில் புரளவில்லை என்றால், எழுதிய மாணவரைக் கூப்பிட்டுப் பேச்சுத் தமிழுக்கு மாற்றித் தரச் சொல்வதில் தவறில்லை.

சொல் தெரியாமலே உடம்பு எவ்வளவு பேசும் என்பதற்கு நம் ஊரிலேயே ஒரு சான்று உண்டு. நாடக ஆசிரியர் குவோ பாவ் குன் 1988இல் நடிகர்களோடு சேர்ந்து உருவாக்கிய, பூனையைத் தேடும் தாயைப் பற்றிய நாடகத்தில், சீனக் கிளைமொழியான ஹொக்கியென் மட்டுமே பேசும் அந்தத் தாயும் தமிழ் பேசும் முதியவர் ஒருவரும் சந்திக்கிறார்கள். இவர் மொழி அவருக்குத் தெரியாது, அவர் மொழி இவருக்குத் தெரியாது. ஆனாலும் இருவருமே பூனையைத் தேடுகிறார்கள் என்பதைச் சைகையாலும் ஒலியாலும் ஒருவருக்கொருவர் புரியவைத்துவிடுகிறார்கள். அந்த இருவருக்கும் தேவை ஒன்று இருந்தது, எதிரே ஓர் ஆள் இருந்தார், அவ்வளவுதான். உன் நடிகர்களை ஒருமுறை இரண்டாம் காட்சியை வசனமே இல்லாமல் நடிக்கச் சொல்லி, நாடகத்தைப் படிக்காத ஒரு நண்பரை எதிரே உட்காரவைத்து, என்ன நடந்தது என்று கேட்டுப் பார்.

இவ்வளவும் சொன்னதால் எல்லாவற்றையும் நடிகர்களின் விருப்பத்துக்கே விட்டுவிடலாம் என்று எடுத்துக்கொள்ளாதே. தான் மேடையில் எப்படித் தெரிகிறோம் என்று நடிகருக்குத் தெரியாது. பார்வையாளரின் கண் எங்கே இருக்க வேண்டும் என்பது முழுக்க உன் பொறுப்பு. அசைகிறவரைத்தான் கண் தேடிப் போகும். ஆகையால் பாட்டி பேசும்போது மருமகள் தேநீர்க் கோப்பைகளை அடுக்கினால், நல்ல வசனம் வீணாகிவிடும். நடந்து முடித்துவிட்டுப் பேசினால் பேச்சு எடுத்துநிற்கும். பேசி முடித்துவிட்டு நடந்தால் நடை எடுத்துநிற்கும். மகன் வீட்டை விற்பதாகச் சொல்லும் இடத்தில் முதலாவதையும், பாட்டியின் பதிலுக்கு இரண்டாவதையும் நான் தேர்ந்திருப்பேன். உன் காணொளியில் பாத்திரங்கள் அடிக்கடி ஒருவரையொருவர் தொடுகிறார்கள், அதுவும் எனக்கு உறுத்தியது. காட்சி முழுவதும் மகனுக்கும் தாய்க்கும் நடுவில் அந்தச் சோபாவை வைத்திருந்து, கடைசியில் ஒரே ஒருமுறை அவன் அதைச் சுற்றிக்கொண்டு வந்து அவள் காலடியில் உட்கார்ந்தால், அதற்கு வேறு வசனமே தேவைப்படாது.

நடிகர்களைப் பார்வையாளருக்கு நேர்க்கோடாக வரிசையில் நிறுத்தாதே என்பது பழைய பாடம்தான். 1874 முதல் 1890 வரை தம் குழுவோடு ஐரோப்பிய நகரங்களைச் சுற்றிவந்த ஜெர்மனியின் சாக்ஸ்-மைனிங்கன் கோமகன் இதில் மிகவும் கண்டிப்பாக இருந்தார். கூட்டக் காட்சிகளில் அவர் செய்தது உன் மூன்றாம் காட்சிக்கு அப்படியே உதவும். அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் அண்டைவீட்டார் கூடும் அந்தக் காட்சியில் முதலாண்டு மாணவர்கள் என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கிறார்கள். அவர்களைச் சிறு சிறு குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் அனுபவமுள்ள ஒருவரைத் தலைமையாக வை; ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை, பேச ஓர் ஆள், அங்கே நிற்க ஒரு காரணம் இருக்கட்டும்.

அரங்கைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அரங்கேறும் இடம் மூன்று பக்கமும் நாற்காலி போட்ட பிளாக் பாக்ஸ், அதாவது உயர்ந்த மேடையில்லாத சிறு அரங்கு என்று சொன்னாய். காணொளியிலோ எல்லாரும் ஒரே பக்கத்தைப் பார்த்து நடிக்கிறார்கள். இதை இப்போதே மாற்றிவிடு, கடைசி வாரத்தில் மாற்றினால் எல்லாம் குழம்பும். மூன்று பக்கம் ஆள் இருந்தால் யாரோ ஒருவருக்கு முதுகு தெரியத்தான் செய்யும். அதற்காக அஞ்ச வேண்டாம், ஆனால் ஒரே பக்கத்தாருக்கு நெடுநேரம் முதுகு காட்டக்கூடாது. இருவர் பேசும்போது அவர்களைக் கோணலாக நிறுத்து. ஓரங்களில் உயரமான அலமாரி எதையும் வைக்காதே. தாத்தாவின் படம் பின்சுவரில் மட்டும் இருக்கட்டும். ஒத்திகையில் நீ எப்போதும் நடுவில் உட்காருகிறாய் என்று காமராவின் இடத்திலிருந்து தெரிகிறது; இனி ஒவ்வொரு ஒத்திகை ஓட்டத்துக்கும் வேறொரு மூலையில், முக்கியமாகக் கடைசி வரிசையின் ஓர நாற்காலியில் போய் உட்கார். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை மேடையை ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம் என்று அளந்து சொல்வதோடு நிற்காமல், தூணின் நிழல் ஆடுமிடத்தில் விழாதபடி விளக்கை வைக்க வேண்டும் என்பதையும் சொல்கிறது. எங்கோ ஓரத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் ஆடுபவர் தெரிய வேண்டும் என்ற அக்கறை நம்மிடம் அவ்வளவு காலமாக இருந்திருக்கிறது என்று படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறையும்.

நடிகர்களிடம் பேசும் விதத்துக்கு வருகிறேன். ‘இன்னும் கோபமாகச் சொல்’ என்று நீ மகனிடம் சொல்வது காணொளியில் கேட்டது. அவன் குரலை உயர்த்தினான், வேறொன்றும் நடக்கவில்லை. கோபத்தை யாராலும் நேராகச் செய்ய முடியாது. ‘பாட்டியை வாயடைக்கச் செய்’, ‘அவளிடம் அனுமதி வாங்கு’, ‘குற்றத்தை மனைவி மேல் போடு’ என்று, எதிரே இருப்பவர்மேல் செய்யக்கூடிய ஒரு செயலாகச் சொல். வசனத்தை நீயே சொல்லிக்காட்டவும் வேண்டாம். சொல்லிக்காட்டினால் அவன் உன் குரலை நகல் எடுப்பானே தவிர, பாட்டியின் முகத்தைப் பார்க்க மாட்டான்.

பாட்டியாக நடிப்பவள் உன்னைவிட மூத்தவள், அக்கா என்று கூப்பிடுகிறவளிடம் எப்படித் திருத்தம் சொல்வது என்று தயங்குவதாகச் சொன்னாய். அக்கா என்றே கூப்பிடு, அந்த மரியாதை ஒத்திகை அறையிலும் அப்படியே இருக்கட்டும். திருத்தத்தைப் பாத்திரத்தின் பெயரில் கேள்வியாக வை: ‘அக்கா, பாட்டி இப்போது எதற்காக எழுந்திருக்கிறாள்?’ பதில் தெரியவில்லை என்று அவள் சொன்னால், உட்கார்ந்தே இருக்கச் சொல்லி, எழுந்தே தீர வேண்டும் என்று அவளுக்குத் தோன்றும்வரை காத்திரு. யாருடைய மனம் புண்படக்கூடுமோ அந்தத் திருத்தத்தைத் தனியாக அழைத்துச் சொல். அரங்கேற்ற நாளில் பாராட்டைத் தவிர வேறு எதையும் சொல்லாதே.

நகர்வு ஒன்று முடிவானதும் உடனே பிரதியில் ஏறிவிட வேண்டும். வசனம் ஒரு பக்கம், எதிர்ப்பக்கம் வெற்றுத்தாள், அதில் பென்சிலால் மட்டும் குறிப்பு. இடம் வலம் எல்லாம் நடிகர் பக்கத்திலிருந்து. இது மேடை நிர்வாகியின் வேலை, நீ செய்யாதே. உன் கண் மேடையை விட்டு அகலக்கூடாது. தேர்வு நேரத்தில் யாராவது வராமல் போனால், அந்தப் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு இன்னொருவர் அந்த இடத்தில் நடந்தால் போதும், ஒத்திகை நிற்காது. தரையில் ஒட்டும் நாடாவை நடிகர்கள் நிற்கும் இடத்துக்குப் போடாமல், சோபாவின் கால், மேசையின் கால், கதவின் அகலம் ஆகியவற்றுக்கு மட்டும் போடச் சொல். ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு நிறம் வைத்துக்கொண்டால் இருட்டில் பொருள் மாற்றுகிறவர்களுக்குக் குழப்பம் வராது. அரங்கின் தரையில் எந்த நாடாவை ஒட்ட அனுமதி உண்டு என்பதை அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடு.

அரங்கின் வரைபடம் கிடைத்தால் எனக்கு அனுப்பு. சனிக்கிழமை அம்மா உனக்குச் சாப்பாடு கொண்டுவரும்போது நானும் அளவுநாடாவோடு வருகிறேன். ஒத்திகை அறையில் மூன்று பக்கமும் நாற்காலி போட்டு, இரண்டாம் காட்சியை உன் அக்கா தேர்ந்த நகர்வோடு ஒருமுறை ஓடவிடுங்கள். நான் இடப்பக்கத்து ஓரத்திலும் அம்மா வலப்பக்கத்து ஓரத்திலும் உட்கார்ந்து, எங்களுக்கு எது தெரிந்தது, எது மறைந்தது என்று எழுதித் தருகிறோம்.

அன்புடன்,
அப்பா