யூடிஐ வரலாற்றில் விடுபட்ட பக்கம்

ஆசிரியர் அவர்களுக்கு,

பரஸ்பர நிதி நிறுவனங்களின் வளர்ச்சி குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரை பயனுள்ளதாக இருந்தது. ஆனால் யூடிஐ எனப்படும் யூனிட் டிரஸ்ட் ஆஃப் இந்தியா பற்றிய பகுதி ஒரே பத்தியில் முடிந்துபோனது ஏமாற்றமே.

டி.டி.கிருஷ்ணமாச்சாரி நிதியமைச்சராக இருந்தபோது, 1963ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே பிறந்த யூடிஐ, மறு ஆண்டு 10 ரூபாய் முகமதிப்பில் யூஎஸ்-64 திட்டத்தைத் தொடங்கி, பங்குச் சந்தையின் பக்கமே தலைவைத்துப் படுக்காத மாதச் சம்பளக்காரர்களையும் முதலீட்டாளர்களாக்கியது. 1987இல் பாரத ஸ்டேட் வங்கி இத்துறைக்கு வரும்வரை போட்டியே இல்லை.

இத்திட்டத்தில் யூனிட்டை (நிதியின் ஒரு பங்கை) விற்கும் விலையும் திரும்ப வாங்கும் விலையும் நிகர சொத்து மதிப்பைப் (ஒரு யூனிட்டுக்குப் பின்னால் உள்ள சொத்துகளின் சந்தை மதிப்பை) பொறுத்து அமையாமல், நிர்வாகமே நிர்ணயிப்பதாக இருந்தன. கையிருப்புப் பங்குகளின் மதிப்பு சரிந்த பின்னரும் உயர்ந்த விலை கொடுக்கப்பட்டதால், முந்திக்கொண்டு வெளியேறியவரின் லாபம் காத்திருந்தவரின் தலையில் விடிந்தது. 2001 ஜூலையில் விற்பனையும் மறுகொள்முதலும் நிறுத்தப்பட்டபோது, டிவிடெண்ட் வாரண்ட்டை (ஈவுத்தொகைக் காசோலையை) ஓய்வூதியம்போல் நம்பியிருந்த முதியவர்களே அதிகம் தவித்தனர். அரசு கைகொடுத்தது உண்மைதான். அது வரி செலுத்துவோரின் பணம் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

2003இல் நிறுவனம் இரண்டாகப் பிரிக்கப்பட்டு, பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் விதிகளுக்கு உட்பட்ட யூடிஐ சொத்து மேலாண்மை நிறுவனம் செயல்படத் தொடங்கியது. 2020இல் பங்குச் சந்தையிலும் பட்டியலிடப்பட்டது. இன்று ஒவ்வொரு வணிக நாளும் நிகர சொத்து மதிப்பு வெளியிடப்படுவதன் அருமை, யூஎஸ்-64 கதை தெரியாத இளம் முதலீட்டாளர்களுக்குப் புரிவது கடினம். அதைத் தனிக் கட்டுரையாகவே வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர், கும்பகோணம்