ஸ்க்ரூடிரைவரால் நெம்பச் சொல்லலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காரில் ஒட்டியிருக்கும் எழுத்துகளையும் சின்னங்களையும் வீட்டிலேயே பத்து நிமிடத்தில் அகற்றிவிடலாம் என்று தங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தில் வந்த குறிப்பைப் படித்தேன். இது வீட்டில் செய்துகொள்ளக்கூடிய வேலைதான் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. நானே இரண்டு கார்களில் செய்திருக்கிறேன். ஆனால், 'மெல்லிய ஸ்க்ரூடிரைவரை நுழைத்து நெம்பினால் போதும்' என்ற அந்த ஒரு வரியை நம்பி யாரேனும் இறங்கினால், அன்று மாலையே பெயின்ட் வேலை செய்பவரைத் தேடிப் போக நேரிடும். என் முதல் காரில் நான் செய்ததும் அதுதான். எழுத்து வந்துவிட்டது, அதனுடன் டிக்கிக் கதவில் நகக்கண் அளவுக்குப் பெயின்டும் வந்துவிட்டது.

இன்றைய கார்களில் மாதிரிப் பெயரை (மாடல்) சொல்லும் எழுத்துகள் பெரும்பாலும் இருபக்கமும் பசையுள்ள நுரை டேப்பினால்தான் ஒட்டப்படுகின்றன. அந்த டேப் நேராக இழுத்தாலும் எளிதில் விடாது. குளிர்ந்த நிலையில் இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். ஆகவே அதனுடன் மல்லுக்கட்டுவதில் பயனில்லை. இங்கே நாம் எழுத்தைப் பெயர்ப்பதில்லை, எழுத்துக்கும் பெயின்டுக்கும் நடுவில் இருக்கும் நுரையை அறுக்கிறோம் என்று புரிந்துகொண்டால், எந்தக் கருவி வேண்டும் என்பது தானே விளங்கிவிடும். தூண்டில் நரம்போ, பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் நூலோ போதும். இரு கைகளிலும் சுற்றிப் பிடித்துக்கொண்டு, எழுத்தின் பின்னால் செலுத்தி, ரம்பம் இழுப்பதுபோல மாறி மாறி இழுத்தால் நுரை இரண்டாகப் பிளந்து எழுத்து கையோடு வந்துவிடும். நரம்பு பெயின்டின் மீது உரசாமல், எழுத்தின் முதுகை ஒட்டியே செல்ல வேண்டும். அதற்கு முன் அந்த இடத்தைச் சோப்பு நீரால் நன்றாகக் கழுவிவிட வேண்டும். இல்லையென்றால் அங்கே படிந்திருக்கும் மணலை நாமே பெயின்டில் தேய்த்தவர்களாவோம்.

நுரை இளக வெப்பம் வேண்டும். தலைமுடி உலர்த்தும் ஹேர் டிரையரே இதற்குப் போதுமானது. ஓரிடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே ஓரிரு நிமிடங்கள் காட்டி, புறங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். கையை வைத்திருக்க முடிகிற சூடுதான் அளவு. பட்டறைகளில் பயன்படும் ஹீட் கன் 500 டிகிரி செல்சியஸையும் தாண்டக்கூடியது என்பதால், பழக்கமில்லாதவர்கள் அதைத் தொடாதிருப்பதே நல்லது. தொழிற்சாலையில் அடித்த பெயின்ட் சுமார் 140 டிகிரியில் உலையில் இறுகியது. விபத்துக்குப் பின் பட்டறையில் மறுபடி அடித்த பெயின்ட் அதைவிட மிகக் குறைந்த வெப்பத்தில் உலர்ந்தது. பழைய கார் வாங்கியவர்கள் இதைக் குறிப்பாக நினைவில் கொள்ள வேண்டும். மறுபூச்சு பெற்ற கதவில் எழுத்தைச் சற்று முரட்டுத்தனமாக இழுத்தாலும் பெயின்ட் தோலாக உரிந்துவரும்.

எல்லாச் சின்னங்களும் டேப்பில் மட்டும் நிற்பதில்லை. சிலவற்றின் முதுகில் சிறு முளைகள் இருக்கும்; அவை தகட்டில் உள்ள துளைகளுக்குள் சென்று உட்கார்ந்திருக்கும். வேறு சிலவற்றை உட்புறத்திலிருந்து நட்டு போட்டு முடுக்கியிருப்பார்கள். முளையுள்ள சின்னத்தை எடுத்துவிட்டால் தகட்டில் துளைதான் மிஞ்சும். அதை அடைக்காமல் விட்டால் மழைநீர் புகுந்து துருப்பிடிக்கும், அடைத்தால் பெயின்டும் அடிக்க வேண்டும். நரம்பு பாதி வழியில் ஏதோ ஒன்றில் தட்டி நின்றால், அங்கே முளை இருக்கிறது என்று பொருள். அதே மாதிரிக் காரில் ஏற்கெனவே சின்னத்தை எடுத்தவர்களிடம் முதலில் விசாரித்துவிடுவது இந்தச் சங்கடத்தைத் தவிர்க்கும். பொதுவாக, தனித்தனி எழுத்துகளில் துளை இருப்பது குறைவு. நிறுவனத்தின் பெரிய வட்டச் சின்னத்தில்தான் அதிகம்.

உண்மையான வேலை எழுத்து கையில் வந்த பிறகுதான் தொடங்குகிறது. தங்கள் குறிப்பு முடிந்துவிடும் இடமும் அதுவே. பிளந்த நுரையின் மறுபாதி பெயின்டின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும். அதைப் பிளேடால் சுரண்டும் ஆசை எல்லோருக்கும் வரும். மேலே இருக்கும் நிறமற்ற கிளியர் கோட்டின் பருமன் ஏறத்தாழ 40 மைக்ரான்; எழுதும் தாளில் பாதிகூட இல்லை. மீண்டும் சூடுகாட்டிக் கட்டைவிரலால் உருட்டி உருட்டி எடுப்பதுதான் மெதுவானதானாலும் பாதுகாப்பான வழி. விரல் வலிக்கும், அதை மறைப்பதற்கில்லை. எஞ்சும் பசைக்கு, ஆரஞ்சுத் தோல் எண்ணெயால் ஆன பசை நீக்கியோ ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலோ துணியில் நனைத்து, சிறிது நேரம் ஊறவைத்துத் துடைக்கலாம். தின்னரும் நகப்பூச்சை அகற்றும் அசிட்டோனும் பெயின்டையே கரைக்கவல்லவை. அவற்றை அருகில் கொண்டுவரவே கூடாது. எதைப் பயன்படுத்தினாலும் கண்ணில் படாத ஒரு மூலையில் முதலில் தடவிப் பார்ப்பது நன்று.

பசையும் போன பிறகு, எடுத்த எழுத்து அதே இடத்தில் நிழலாகத் தெரியும். இதைக் கண்டு திகைத்துப்போனவர்கள் பலர். வேலை கெட்டுவிட்டதாக அவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். எழுத்தின் விளிம்பில் ஆண்டுக்கணக்கில் சேர்ந்த மெழுகும் அழுக்கும் ஒரு கோடாக நிற்பது ஒரு காரணம். அது பசையுடனேயே பெரும்பாலும் போய்விடும். சுற்றியுள்ள பெயின்ட் கழுவிக் கழுவி நுண்கீறல்களால் மங்கியிருக்க, மூடியிருந்த இடம் மட்டும் புதிதாகப் பளபளப்பது மற்றொன்று; அதை மென்மையான பாலிஷ் போட்டு, அந்த இடத்தை மட்டுமல்லாமல் சுற்றுப்புறத்தையும் சேர்த்துத் தேய்த்தால் சமன்செய்துவிடலாம். வெயிலில் நிறமே வெளுத்திருந்தால் எந்தப் பாலிஷும் முழுமையாக மறைக்காது. பழைய சிவப்பு நிறக் கார்களில் இது பளிச்சென்று தெரியும். வெள்ளையில் அவ்வளவாகத் தெரியாது. எழுத்து வேண்டாம் என்று முடிவு செய்தவர்கள் கார் புதிதாக இருக்கும்போதே எடுத்துவிடுவதில் இந்த ஒரு வசதி இருக்கிறது. பிஎம்டபிள்யூ, மெர்சிடிஸ், ஆடி ஆகிய நிறுவனங்கள் மாதிரிப் பெயர் ஒட்டாமலே காரைத் தரும்படி கேட்கும் வாய்ப்பையும் அளித்துவந்துள்ளன. என்னைப் பொறுத்தவரை, மாதிரிப் பெயர் மீது எனக்குப் பகை ஏதும் இல்லை. விற்றவர் தம் கடைப் பெயரை என் காரின் முதுகில் கேட்காமல் ஒட்டியனுப்பியதுதான் என்னை இந்த வேலையில் இறக்கியது.

தங்கள் குறிப்பில் 'முன்புறச் சின்னத்தையும் ஸ்டீயரிங்கில் உள்ளதையும் இப்படியே எடுக்கலாம்' என்று ஒரு வாக்கியம் இருந்தது. இந்தக் கடிதத்தை எழுதத் தூண்டியது அதுதான். முன்னால் செல்லும் வண்டியின் தொலைவை அளந்து வேகத்தைக் குறைக்கும் ரேடார், பல கார்களில் முன்புறச் சின்னத்தின் பின்னால்தான் இருக்கிறது. அந்தச் சின்னமே ரேடார் அலைகளை ஊடுருவ விடும்படி தனியாகச் செய்யப்பட்டது. வோக்ஸ்வாகன் கோல்ஃபில் பின்புறச் சின்னமே டிக்கியைத் திறக்கும் கைப்பிடி. ஸ்டீயரிங்கின் நடுவில் இருப்பதோ, விபத்தின்போது விரியும் காற்றுப்பையின் (ஏர்பேக்) மூடி. அதை நெம்புவதும் ஆபத்து, அதன் மேல் வேறொன்றை ஒட்டுவதும் ஆபத்து. ஸ்டீயரிங் சின்னத்தின் மேல் ஒட்டியிருந்த கல் பதித்த அலங்காரத் தகடு விபத்தின்போது தெறித்து முகத்தில் பாய்ந்ததில் ஓட்டுநர் ஒருவர் ஒரு கண்ணின் பார்வையை இழந்ததைச் சுட்டிக்காட்டி, அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 2022இல் எச்சரிக்கை வெளியிட்டது.

ஸ்க்ரூடிரைவர் யோசனையால் போவது பெயின்ட் மட்டுமே. அதைப் பணம் கொடுத்துச் சரிசெய்துகொள்ளலாம். ஸ்டீயரிங் பற்றிய வாக்கியம் அப்படிப்பட்டதல்ல என்பதால், அடுத்த வாரத்து வாகனப் பக்கத்தில் அதற்கு மட்டுமாவது ஒரு திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்