இரண்டாம் தடவை வருபவர்கள்

அன்புள்ள மச்சான்,

நலம். இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததென்று உன் தங்கை சொன்னாள். சந்தோஷம். மாடிப்படி பக்கம் விடாதே, கேட்க மாட்டார்கள் என்று தெரியும், இருந்தாலும் விடாதே. நம் கூட்டாளி ‘தாடி’ அமெரிக்காவிலிருந்து திரும்பிவிட்டானாமே? முறுக்குக் கடைக்காரரைப் போய்ப் பார்த்தானா என்று கேட்டு எழுது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன்னிடம் ஒரு வேலை இருக்கிறது. இங்கிலாந்தில் எங்கள் ஊர் ஸ்பீட்வே கிளப் அடுத்த வருஷம் இருக்குமா என்பதே சந்தேகமாகிவிட்டது. போன வாரம் கிளப்பை நடத்தும் புரமோட்டர் ரசிகர்களைக் கூட்டி உட்காரவைத்து, கூட்டமும் வரவும் இப்படியே போனால் அடுத்த சீசனுக்குத் தன் கைப்பணத்தைப் போட முடியாது என்று சொல்லிவிட்டார். கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னார். யோசனை சொல்ல ஒரு சிறு குழு போட்டார்கள், அதில் நானும் இருக்கிறேன். அன்றிலிருந்து எனக்கு இதே நினைப்பு.

ஸ்பீட்வே என்றதும் உனக்குச் செட்டிபாளையத்து காரி ஸ்பீட்வேதான் ஞாபகம் வரும். அது தார் ரோடு, இது மண்ணில் ஓடும் மோட்டார் சைக்கிள் பந்தயம். நீள்வட்டப் பாதையில் அணிக்கு இருவராக நான்கு பேர், நான்கு சுற்று. 500 சிசி வண்டி, மெத்தனாலில் ஓடும், ஒரே கியர், பிரேக்கே கிடையாது. வளைவுக்கு வந்ததும் பின்சக்கரத்தை வழுக்கவிட்டு, முன்சக்கரத்தை எதிர்ப்பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டே போவார்கள். ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும், அந்த ஒரு நிமிஷம் மூச்சு நின்றுவிடும். உங்கப்பா யெஸ்டியைத் துடைத்துத் துடைத்து வைப்பாரே, அதன் தாய்வீடான ஜாவா செக் நாட்டில் திவிஷோவ் என்ற ஊரில் இந்தப் பந்தயத்துக்கென்றே வண்டி செய்தது. அப்பாவிடம் சொல், மகிழ்ந்துபோவார்.

ஒரு காலத்தில் இந்த ஆட்டம் இங்கிலாந்தில் எப்படி இருந்தது தெரியுமா? 1928 பிப்ரவரியில் லண்டனை ஒட்டிய ஹை பீச்சில் நடந்த பந்தயத்துக்கே ஆயிரக்கணக்கில் ஜனம் திரண்டது. 1981இல் வெம்ப்ளியில் நடந்த உலக இறுதிப் போட்டியை 90,000 பேருக்கு மேல் பார்த்தார்கள். இன்றைக்கு எங்கள் கிளப்பில் ஆயிரம் பேர் வந்தாலே நல்ல நாள். மற்ற ஊர்களில் நடந்ததைப் பார்த்தால் இன்னும் பயமாக இருக்கிறது. கவன்ட்ரியின் பிராண்டன் மைதானத்தில் 2016க்குப் பிறகு ஸ்பீட்வே இல்லை. ஸ்விண்டனில் 2019தான் கடைசி. பீட்டர்பரோவும் வுல்வர்ஹாம்ப்டனும் 2023இல் போயின. இந்த இடங்களில் எல்லாம் ரசிகர்கள் இருந்தார்கள் மச்சான். மைதானம் மட்டும் கிளப்பின் கையில் இல்லை. நிலத்துக்காரர் முடிவெடுத்தால் அவ்வளவுதான். ஆக்ஸ்ஃபோர்டில் மட்டும் 2007இல் நின்றது 2022இல் திரும்ப வந்தது. அதைத்தான் நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லித் தைரியம் ஏற்றிக்கொள்கிறோம்.

இனி நீ ஆடிட்டராக மாறிப் படி. எங்கள் கிளப்பும் வாடகைக் குடித்தனம்தான். டிக்கெட் பணமும் புரோகிராம் புத்தகம், தொப்பி, பனியன் விற்ற பணமும் எங்களுக்கு. பார், சாப்பாட்டுக் கடை, வண்டி நிறுத்தும் கட்டணம் எல்லாம் மைதானத்துக்காரருக்கு. ஒரு குடும்பம் வந்து டிக்கெட்டுக்குச் செலவழிக்கிற அளவுக்கு உள்ளேயும் செலவழிக்கிறது. அதில் ஒரு பென்னிகூடக் கிளப்புக்கு வருவதில்லை. கூட்டம் இரண்டு மடங்கானாலும் அதன் பாதிப் பலன் வேறு பையில்தான் விழும். செலவோ யார் வந்தாலும் வராவிட்டாலும் ஒன்றுதான். மருத்துவரும் ஆம்புலன்ஸும் இல்லாமல் வண்டியைக் கிளப்பவே முடியாது. வீரர்களுக்குப் பாயிண்ட் கணக்கில் கூலி. வெளியூர்ப் போட்டிக்குப் போனால் அங்கே வசூலாகும் டிக்கெட் பணம் அந்த ஊர்க் கிளப்புக்கு, நம் வீரர்களின் கூலி மட்டும் நம் தலையில். இதில் மழை வேறு. சாயங்காலம் ஆறு மணிக்கு மழை கொட்டிப் போட்டி ரத்தானால், அதுவரை செய்த செலவு செய்ததுதான்.

இன்னொரு வேடிக்கையைக் கேள். ஒரு ஹீட்டில், அதாவது ஒரு நான்கு சுற்றுப் பந்தயத்தில், முதலாமவருக்கு 3, அடுத்தவருக்கு 2, மூன்றாமவருக்கு 1, கடைசி ஆளுக்குப் பூஜ்யம். ஆக ஹீட்டுக்கு 6 பாயிண்ட், 15 ஹீட்டுக்கு 90. நம் அணி 60 எடுத்து அமோகமாக ஜெயித்தால் கூலிப் பட்டியல் வீங்கும், பத்தாவது ஹீட்டிலேயே முடிவு தெரிந்துவிடுவதால் ஜனமும் கொட்டாவி விடும். 46–44 என்று கடைசி ஹீட்டில் ஜெயித்தால் செலவும் குறைவு, ஜனமும் துள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போகும். ஜெயித்துக்கொண்டே இருந்தால் கூட்டம் தானாக வரும் என்று கூட்டத்தில் ஒருவர் அழுத்திச் சொன்னார். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அணிகள் சமபலத்தில் இருப்பதுதான் கூட்டத்தைக் கொண்டுவரும்.

இனிதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. குழுவில் எல்லாரும் புதிதாக ஆட்களைக் கொண்டுவருவது பற்றியே பேசுகிறார்கள். பள்ளிகளுக்கு இலவச டிக்கெட், பஸ்ஸில் விளம்பரம், ஃபேஸ்புக் என்று நீள்கிறது. என் பார்வையில் ஆட்கள் வரத்தான் செய்கிறார்கள், திரும்பி வருவதில்லை.

ஆபீஸில் உடன் வேலை பார்க்கும் ஒருவரைக் குடும்பத்தோடு கூட்டிப்போனேன். முதல் ஏழு ஹீட்டுகள் வரை அவர் மனைவிக்கு யார் நம் ஆள், யார் எதிராளி என்றே தெரியவில்லை. சொல்ல ஆள் இல்லை. ஒலிபெருக்கியில் அறிவிப்பாளர் பேசியது மூன்றாம் வளைவுப் பக்கம் வெறும் இரைச்சலாகக் கேட்டது. அப்புறம் நான் புரோகிராமையும் பேனாவையும் கையில் கொடுத்தேன். சிவப்பும் நீலமும் தலைக்கவசம் போட்டவர்கள் நம்மவர்கள், வெள்ளையும் மஞ்சளும் அவர்கள். நம்மவர் இருவரும் முதல் இரண்டு இடம் பிடித்தால் 5–1, நம்மவர் ஒருவர் முதலாவதாக வந்தும் கூட்டாளி கடைசியானால் 3–3, ஒரு லாபமும் இல்லை. இவ்வளவுதான் சொன்னேன். அடுத்த ஹீட்டில் மூன்றாவது இடத்துக்கான சண்டையைப் பார்த்து அந்தம்மா எழுந்து நின்று கத்தினார். பையன் ஒவ்வொரு கட்டத்திலும் பாயிண்டைப் பேனாவால் எழுத ஆரம்பித்தான். அதுவரை நான்கு வண்டிகள் சுற்றுவதைப் பார்த்தவர்கள், அப்போதுதான் ஆட்டத்தைப் பார்த்தார்கள்.

இதைத்தான் நான் குழுவில் விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறேன். டிக்கெட் கொடுக்கும் இடத்திலேயே "முதல் தடவையா?" என்று கேட்க வேண்டும். ஆம் என்றால் நான்கே வரியில் ஆட்டம் புரிகிற மாதிரி ஒரு அட்டை, ஒரு பேனா, பக்கத்தில் உட்கார ஒரு பழைய ரசிகர். எங்களிடம் பணம் இல்லாவிட்டாலும் பழைய ரசிகர்கள் இருக்கிறார்கள். ஐம்பது வருஷக் கதை சொல்லக் காத்திருக்கிறார்கள், கேட்க ஆள்தான் இல்லை. அந்தக் கால உலகச் சாம்பியன்கள் ஐவன் மேஜரையும் ஓவே ஃபுண்டினையும் நேரில் பார்த்த பெரியவர்கள் வாராவாரம் அதே கம்பத்தடியில் தனியாக நிற்கிறார்கள். அவர்களைப் புதுக் குடும்பங்களோடு உட்காரவைப்பதற்கு என்ன செலவு?

அடுத்தது நேரம். 15 ஹீட் என்றால் மொத்தம் கால் மணி நேரப் பந்தயம். அதைப் பார்க்க ஜனம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருக்கிறது. டிராக்டர் வந்து மண்ணைச் சமப்படுத்தும், தண்ணீர் தெளிக்கும். அது அவசியம், வீரர்களின் உயிர் அதில் இருக்கிறது, அதைக் குறைக்கச் சொல்லவே மாட்டேன். ஆனால் அந்த நேரத்தில் ஜனத்துக்கு ஒன்றுமே நடப்பதில்லை. அப்போதுதான் வீரர் ஒருவரை வேலியோரம் அழைத்துவந்து மைக்கைக் கொடுக்க வேண்டும். வண்டிகளைத் தயார்செய்யும் பிட்ஸ் பக்கம் பிள்ளைகளைப் பத்துப் பத்துப் பேராகக் கூட்டிப்போய், எஞ்சினைக் கழற்றிப் பூட்டுவதைக் காட்ட வேண்டும். வேறெந்த விளையாட்டில் இவ்வளவு கிட்டே விடுவார்கள்?

திரும்பி வரவைக்கும் டிக்கெட்டை அன்றைக்கே, பதின்மூன்றாம் ஹீட்டுக்குள் விற்றுவிட வேண்டும் என்பதும் என் யோசனை. அடுத்த உள்ளூர்ப் போட்டிக்குப் பாதி விலை, அன்று வாங்கினால் மட்டும். கடைசி ஹீட் முடிந்ததும் எல்லாரும் காரை எடுக்க ஓடுவார்கள், அப்புறம் பிடிக்க முடியாது. முழு இலவசம் எனக்குப் பிடிக்கவில்லை. சும்மா கிடைத்த டிக்கெட்டை மழைத் தூறலைப் பார்த்தாலே வீட்டில் வைத்துவிடுவார்கள். காசு கொடுத்தவர்கள் குடையோடு வருவார்கள். பிள்ளைகளுக்கு மட்டும் இலவசம் சரி, அவர்கள் தனியாக வருவதில்லையே.

போலந்தைப் போல ஆக வேண்டும் என்று ஒரு சாரார். அங்கே லெஸ்னோவிலும் டோருனிலும் ஊரே மைதானத்தில் இருக்கும், வார்சாவின் தேசிய மைதானத்தில் உலகப் பட்டத்துக்கான கிராண்ட் பிரி போட்டிக்கு 50,000 பேர் வந்திருக்கிறார்கள், உண்மைதான். ஆனால் அங்கே நகராட்சி கைகொடுக்கிறது, பெரிய நிறுவனங்கள் ஸ்பான்சர் செய்கின்றன, டிவி பணம் கொட்டுகிறது. நம்மிடம் இருப்பது ஒரு வாடகை மைதானமும் வாலண்டியர்களும். போலந்தின் செலவை நாம் காப்பியடித்தால் ஒரே சீசனில் கதை முடிந்துவிடும். இன்னொன்று, நல்ல வீரர்கள் வெள்ளியும் ஞாயிறும் போலந்தில், செவ்வாய் ஸ்வீடனில். அதனால் இங்கே மேல் லீக் திங்கள், வியாழன் என்று வேலை நாளில் வந்து மாட்டிக்கொள்கிறது. மறுநாள் பள்ளி இருக்கும்போது யார் பத்து மணி வரை பிள்ளையை உட்காரவைப்பார்கள்? கோடை விடுமுறையான ஆகஸ்டில் உள்ளூர்ப் போட்டிகளை அதிகமாகக் கேட்டு வாங்க வேண்டும், அரை மணி நேரம் முன்னதாகத் தொடங்க வேண்டும். குளிர்காலத்தில் அட்டவணை போடும்போதே கேட்டால்தான் உண்டு.

ஸ்பான்சர் விஷயத்தில் உன்னை நினைத்துக்கொண்டேன். ஹாஸ்டல் டேக்கு நோட்டைத் தூக்கிக்கொண்டு கடைவீதி முழுக்க ஏறி இறங்கினாயே, அந்த முகத்தைப் பார்த்தாலே கல்லாவை மூடிக்கொண்டு ஓடுவார்களே! அதே வித்தைதான் இங்கேயும் வேண்டும். ஒரு பெரிய ஸ்பான்சரைத் தேடி வருஷக்கணக்கில் அலைவதைவிட, 15 ஹீட்டுக்கும் 15 சின்னக் கடைகள். ஹீட் தொடங்கும் முன் கடைப் பெயரைச் சொல்லி, ஜெயித்த வீரரோடு கடைக்காரர் குடும்பத்தை நிறுத்திப் படம் எடுத்துக் கொடுக்க வேண்டும். இந்த ஊரில் நம் தமிழ்க் கடைகளும் பெட்ரோல் பங்குகளும் இருக்கின்றன, இதுவரை அவர்களிடம் போய்க் கேட்டவர் இல்லை. நான் போய்ப் பேசினேன். ஒரு அண்ணா உடனே சரி என்றார். அவருடைய ஒரே கேள்வி, தன் பையனை அந்த வண்டியில் உட்காரவைத்துப் படம் எடுக்கலாமா என்பதுதான்.

இதெல்லாம் எதற்கு இவ்வளவு என்று நீ கேட்பாய். எங்கள் அணியில் ஒரு பையன் இருக்கிறான், பகலில் ஒர்க்ஷாப்பில் வேலை. பெரிய போட்டி முடிந்தபின் நடக்கும் ஜூனியர் ஹீட்டுகளில் ஓட்டித்தான் அவன் அணிக்கு வந்தான். இந்த வருஷம் காறை எலும்பு முறிந்து, தட்டு வைத்துக்கொண்டு திரும்ப வந்து ஓட்டுகிறான். வண்டி, எஞ்சின், வேன் எல்லாம் அவன் அப்பாவின் கடனில். கிளப் மூடினால் வேறு ஊர் அணியில் இடம் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். அவனுக்குப் பின்னால் வரும் பிள்ளைகளுக்குப் பழகவே இடம் இருக்காது. புரமோட்டர் பேசிய அன்று அவன் கடைசி வரிசையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். எனக்கு அன்று தூக்கம் வரவில்லை.

உன்னிடம் கேட்பது இதுதான். புரமோட்டர் மூன்று வருஷக் கணக்கைத் தர ஒத்துக்கொண்டிருக்கிறார். ஸ்கேன் செய்து அனுப்புகிறேன். ஒரு போட்டிக்குக் குறைந்தபட்சம் எத்தனை பேர் வந்தால் கைக்காசு போடாமல் தப்பிக்கலாம் என்று பார். மழைக்காக ஒவ்வொரு போட்டியிலும் எவ்வளவு ஒதுக்கிவைக்க வேண்டும் என்றும் சொல். மைதானத்துக்காரரிடம் பார் வருமானத்தில் பங்கு கேட்கப்போகிறோம். வாடகையைக் கொஞ்சம் ஏற்றிக்கொண்டாவது அந்தப் பங்கை வாங்குவது நமக்கு லாபமா என்பதுதான் எனக்குப் புரியாத இடம். கூட்டம் குறைந்த ஒரு வருஷம் வந்தால் அந்த ஏற்றிய வாடகையே நம்மை அமுக்கிவிடுமோ? நீ கறாராகச் சொல், என் மனசுக்காக நல்லதாகச் சொல்லாதே.

குழு மாதக் கடைசி வியாழன் கூடுகிறது. அதற்குள் பதில் வந்தால் பெரிய உதவி. ஃபீஸ் எல்லாம் கேட்காதே, அடுத்த தடவை ஊருக்கு வரும்போது யெஸ்டிக்கு எண்ணெய் மாற்றித் தருகிறேன். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வணக்கம் சொல்.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்

பி.கு.: ஆபீஸ் குடும்பம் அடுத்த போட்டிக்கும் டிக்கெட் வாங்கிவிட்டது. இந்தத் தடவை பாட்டியையும் கூட்டிவருகிறார்களாம்.