தேங்காய்க்குத் தகுந்த கறி

அன்புள்ள சரசு,

உன் கடிதம் கிடைத்தது. மகனோடு ஓசூரிலேயே இருந்துவிடுவது என்று முடிவு செய்துவிட்டாய். நல்லதுதான், ஆனால் எனக்குத்தான் சந்தைக்குப் போகத் துணை இல்லாமல் போயிற்று. இங்கே எல்லோரும் சுகம். இவருக்குச் சர்க்கரை ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறது, வாய் மட்டும் இறங்கக் காணோம். மேலப்பக்கத்துத் தென்னையில் வெள்ளை ஈ விழுந்து ஓலையெல்லாம் கறுத்துக் கிடக்கிறது. 2016-இல் பொள்ளாச்சி, பாலக்காட்டுப் பக்கம் முதலில் பார்த்த பூச்சி, இப்போது நம் கொல்லை வரை வந்துவிட்டது.

சமையல் சலித்துவிட்டது, நீ திரும்பத் திரும்ப என்னதான் வைக்கிறாய் என்று கேட்டிருந்தாய். உள்ளதைச் சொல்கிறேன், இப்போது என் அடுக்களையில் கறியைத் தீர்மானிப்பது தேங்காய்தான். 2025-இல் தேங்காயெண்ணெய் லிட்டர் 400 ரூபாயைத் தாண்டி ஓடியதே, அப்போதுதான் இந்தக் கணக்கு தொடங்கியது. ஒரு மூடித் தேங்காயை உடைத்தால் எந்தக் கறி அதற்குத் தகுந்த பலன் தருகிறது என்று யோசிக்க ஆரம்பித்தேன். நம் ஊரில் யாரும் இப்படி யோசித்ததில்லை, கேட்டியா. துவரன் என்கிற தேங்காய்ப் பொரியலுக்கு ஒரு கை, புளிசேரி என்கிற தயிர்க் குழம்புக்கு ஒரு மூடி, அவியலுக்கு ஒரு முழுத் தேங்காய் என்று அள்ளிப் போட்டுப் பழகிய கை நமக்கு.

என் கணக்கில் முதலில் நிற்பது தீயல், தேங்காயை வறுத்தரைத்து வைக்கிற புளிக்குழம்பு. ஒரு மூடியில் இரண்டு நாளைக்குக் கறி. அதிலும் முதல் நாளைவிட மறுநாள் ருசி கூடுதல். உனக்குத் தீயல் கசந்துபோகிறது என்று எழுதியிருந்தாயே, காரணம் அநேகமாக மல்லிப்பொடியும் மிளகாய்ப்பொடியும்தான். தேங்காய் வறுபடும்போதே பொடியைப் போட்டால் தேங்காய் சிவப்பதற்குள் பொடி கருகிவிடும். பொடிதான் போடுவேன் என்றால் அடுப்பை அணைத்த பிறகு போட்டுக் கிளறு, சட்டியின் சூடே போதும். நான் பொடி போடுவதில்லை. ஒரு ஸ்பூன் தேங்காயெண்ணெயில் ஒரு மூடித் துருவலைப் போட்டு, நான்கைந்து உள்ளியை, அதான் சின்ன வெங்காயத்தை, அரிந்து சேர்த்து, சின்னத் தீயில் வறுக்கிறேன். பொன்னிறம் வரத் தொடங்கும்போது இரண்டு பெரிய ஸ்பூன் முழுமல்லி, ஆறு வற்றல் மிளகாய், கொஞ்சம் நல்லமிளகு, கால் ஸ்பூன் வெந்தயம், ஒரு கொத்துக் கறிவேப்பிலை. அப்புறம் கையை எடுக்கக்கூடாது. கால் மணி நேரம் ஆகும், ஆகட்டும். போன் வந்தால் எடுக்காதே. காப்பிக்கொட்டை நிறம் வந்ததும் வேறு பாத்திரத்தில் கொட்டிவிடு, சட்டியிலேயே விட்டால் அடி கறுத்துவிடும்.

நன்றாக ஆறின பிறகு, தண்ணீர் விடாமல் மிக்சியில் அரை. எண்ணெய் கசிந்து திரண்டு வரும். அதற்குப் பிறகுதான் தண்ணீர். முதலிலேயே தண்ணீர் விட்டால் எவ்வளவு ஓட்டினாலும் திப்பி திப்பியாகவே நிற்கும். 200 கிராம் உள்ளியை முழுசாக எண்ணெயில் வதக்கி, நெல்லிக்காய் அளவு புளியைக் கரைத்துவிட்டு, மஞ்சள், உப்புப் போட்டுப் புளியின் பச்சை வாடை போகக் கொதிக்கவிட்டு, அரைத்ததைக் கலந்து, எண்ணெய் மேலே மிதக்கும் வரை அடுப்பில் இருக்கட்டும். கடுகு தாளித்தால் ஆயிற்று. உள்ளிக்குப் பதில் பாகற்காய், முருங்கைக்காய், கத்தரிக்காய் எது போட்டாலும் சரி. இறால் போட்டால் கேட்கவே வேண்டாம். தேங்காய் மட்டும் நன்றாக முற்றினதாக இருக்கவேண்டும். இளசு வறுபடாது, வெந்துபோகும். கடையில் ஆட்டிப் பார்த்து வாங்கு.

இரண்டாவது மீன் புளிமுளம். இதற்கும் ஒரு மூடிதான், தாளிப்புகூட இல்லை. தேங்காயோடு மிளகாய், மல்லி, மஞ்சள், இரண்டு உள்ளி வைத்து மையாக அரைத்து, புளிப்புள்ள மாங்காயைக் கீறிப் போட்டு, மண்சட்டியில் மீனோடு சேர்த்துக் கொதிக்கவைப்பதுதான். மாங்காய் இல்லாத நாளில் புளி. கரண்டி போடாமல் சட்டியைப் பிடித்துச் சுழற்று, மீன் உடையாது. இறக்கும்போது பச்சைத் தேங்காயெண்ணெய் ஒரு ஸ்பூன், கறிவேப்பிலை. ஓசூரில் என்ன மீன் கிடைக்கிறதோ தெரியாது. இங்கே நம் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுக்குத் தடை அல்லவா, அந்த நாட்களில் வள்ளக்காரர்கள் கொண்டுவரும் சாளையும், மத்தி என்பார்களே அதுதான், நெத்திலியும்தான் கதி. எனக்கென்னவோ இந்தக் கறிக்குச் சாளைதான் பொருத்தம். பெரிய மீன் விலைக்குத்தான் பெரிது. மறுநாள் காலையில் பழஞ்சிச் சோற்றுக்குச் சட்டியில் ஒட்டியிருப்பதை வழித்துப் போட்டுச் சாப்பிட இவருக்கும் எனக்கும் இன்னும் போட்டி.

உன் மருமகள் மரச்சீனிக்கிழங்கை, மரவள்ளி என்பார்களே அதை, பார்த்து, இது இல்லாதவர்கள் சாப்பாடு இல்லையா என்று கேட்டாளாமே. கோபப்படாதே, அவள் மேல் குற்றமில்லை. திருவிதாங்கூரில் அதைப் பரப்பியதே 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா என்று சொல். 1942-இல் பர்மா அரிசி நின்றுபோனபோது இந்தப் பக்கத்து வீடுகளில் உலை வைத்தது இந்தக் கிழங்குதான். அவளுக்கு ஒருநாள் செய்து கொடு. தோலை உரித்து, துண்டு போட்டு, நிறையத் தண்ணீரில் திறந்த பாத்திரத்தில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கட்டாயம் கொட்டிவிடு. கிழங்கில் இருக்கும் நஞ்சு அதில்தான் இறங்கும், ஆடு மாடு குடிக்கிற இடத்தில்கூட ஊற்றாதே. பிறகு தேங்காய், பச்சைமிளகாய், சீரகம், மஞ்சள் சதைத்துப் போட்டு அகப்பையால் குழைத்துவிடு. இதற்குத் தேங்காய் ஒரு கை போதும். பக்கத்தில் புளிமுளம் இருந்தால் அவள் கேள்வி கேட்க வாய் திறக்கமாட்டாள்.

துவரனில் தேங்காயைப் பாதியாகக் குறைத்துவிட்டேன், யாரும் கண்டுபிடிக்கவில்லை. புளிசேரி மாம்பழக் காலத்தில் மட்டும். தயிர் விட்ட பிறகு கொதிக்கவிடாதே என்பதைத் தவிர அதில் உனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. ரசவடை மழை நாளைக்கு, அதற்குத் தேங்காயே வேண்டாம். அவியலை மட்டும் குறைத்துச் செய்ய எனக்கு மனசு வரவில்லை. தேங்காய் குறைந்த அவியல் வெறும் வேகவைத்த காய்கறிதான். அதனால் அதை விசேஷத்துக்கு என்று ஒதுக்கிவிட்டேன். பாறசாலையில் இருக்கும் என் நாத்தனாரோ வாரம் தவறாமல் அவியல் வைக்கிறாள், அவள் வீட்டில் காய்க்கிற தென்னைகள் இருக்கின்றன, வைக்கட்டும்.

ஓணத்துக்கு இங்கே உள்ளூர் விடுமுறை விடுவார்களே, அந்தச் சமயத்தில் வரப்பார். முன்னாலேயே எழுதினால் ஏத்தன் வாழைக்காய் சொல்லிவைப்பேன், உப்பேரிச் சிப்ஸ் வறுத்துத் தருகிறேன். மீன் கறிக்குப் போடும் கொடம்புளியும் கொஞ்சம் கட்டிவைத்திருக்கிறேன், நீ வந்தால் கையோடு எடுத்துப் போகலாம்.

ஒன்று மறக்காமல் எழுது. உன் அம்மா கல்யாண வீட்டுக்கு என்று ஒரு நார்த்தங்காய்ப் பச்சடி வைப்பார்களே, வெல்லம் தூக்கலாக. அதில் காயை முதலில் வேகவைத்துத் தண்ணீரை வடிப்பார்களா, இல்லை எண்ணெயில் நேராக வதக்குவார்களா? இங்கே யாரைக் கேட்டாலும் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். மரத்தில் காய் நிறையக் கிடக்கிறது, உன் பதில் வந்ததும் செய்துவிடுவேன்.

அன்புடன்,
உன் தங்கம்