தடைக்காலத்தில் ஆறு சாயங்காலம் கொடுங்கள்

தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை உள்ள கடற்கரை ஊர்களின் தலைவர்களுக்கும், கிராமக் கமிட்டிகளுக்கும், விசைப்படகு, நாட்டுப்படகுச் சங்கங்களுக்கும், ஜமாஅத் பெரியவர்களுக்கும், பங்குப் பேரவைகளுக்கும் வணக்கம்.

நான் பாம்பன் பக்கம் அங்கன்வாடியில் 27 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மீனவர் வீட்டில் பிறந்து, மீனவர் வீட்டிலேயே வாழ்க்கைப்பட்டவள். உங்களில் பலருடைய பிள்ளைகளுக்கு நான்தான் முதல் டீச்சர். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

முந்தின இரவு வீட்டில் சண்டை நடந்திருந்தால் அது எனக்குக் காலையிலேயே தெரிந்துவிடும். யாரும் வந்து சொல்ல வேண்டாம். அந்தப் பிள்ளை சத்துமாவு உருண்டையைக் கையில் பிடித்தபடியே தூங்கிவிழும். ஏப்ரல் கடைசியில் இப்படித் தூங்கும் பிள்ளைகள் கூடிக்கொண்டே போகும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. பங்குப் பணம் நின்றுவிடும். வருடம் முழுக்கக் கடலோடும் கரையோடும் ஓடிக்கொண்டிருந்த ஆள் பகல் முழுக்க வீட்டில் இருப்பார். நகை அடகில் இருக்கும், பள்ளிக்கூடம் திறக்கும் செலவு எதிரில் நிற்கும். அரசு தரும் 8,000 ரூபாய் நிவாரணம் வங்கிக்கு வருவதற்குள் அதற்கு நாலு பேர் காத்திருப்பார்கள்.

ஆனால் புருஷனும் பெண்சாதியும் சேர்ந்தாற்போல் ஒரே கரையில் இருப்பதும் இந்த இரண்டு மாதம்தான். மற்ற நாளில் அவர் ராத்திரி கடலில், இவள் விடியலில் மீன் கூடையோடு சந்தையில், இல்லையென்றால் தீவுப் பக்கம் பாசி எடுக்கப் போயிருப்பாள். உட்கார்ந்து பேச ஏது நேரம்? அதனால்தான் கேட்கிறேன். இந்த 61 நாளில் ஆறு சாயங்காலம் கொடுங்கள். கணவன் மனைவி சேர்ந்து உட்கார, பணத்தைப் பற்றியும் பிள்ளையைப் பற்றியும் கோபத்தைப் பற்றியும் பேசிப் பழக, ஒவ்வொரு ஊரிலும் ஒரு வகுப்பு நடக்கட்டும்.

வகுப்பு என்றதும் யாரோ ஒருவர் மைக் பிடித்து அறிவுரை சொல்லுவதை நினைத்துக்கொள்ளாதீர்கள். நாங்கள் செய்து பார்த்ததைச் சொல்கிறேன். போன தடைக்காலத்தில் எங்கள் மகளிர் குழுப் பெண்கள் நாலு பேர் சேர்ந்து எட்டு ஜோடிகளை வலை பின்னும் கொட்டகைக்குக் கூப்பிட்டோம். ஆளுக்கு இருபது புளியங்கொட்டை. ஒரு மாத வருமானம் அதுதான் என்று வைத்துக்கொண்டு, எதற்கு எவ்வளவு போகிறது என்று தரையில் பிரித்து வைக்க வேண்டும். கணவர்கள் ஒரு பக்கம், மனைவிமார் ஒரு பக்கம், ஒருவர் வைப்பதை மற்றவர் பார்க்கக் கூடாது. ஒரு தம்பி குழுக் கடனுக்கு மூன்று கொட்டை வைத்திருந்தார். அவர் மனைவி ஒன்பது வைத்திருந்தாள். அவர் வெகுநேரம் அந்த ஒன்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். "இவ்வளவா போகுது?" என்றார். "நீங்க கேட்டதே இல்லையே" என்றாள் அவள். கோபமாகச் சொல்லவில்லை. மூன்று வருடமாக வாரத் தவணைக்காரர் வருகிற நாளில் அவரை எப்படியாவது வெளியே அனுப்பிவிட்டு, தனியாகச் சமாளித்தவள் அவள். அவர் இதுநாள் வரை, பெண்சாதி காசை மறைக்கிறாள் என்றே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அன்றைக்கு அந்த ஜோடி கடைசி ஆளாகத்தான் கொட்டகையை விட்டுப் போனது.

அந்த ஒன்பது கொட்டையை நினைக்காமல் நான் தூங்கிய நாள் குறைவு. என் வீட்டுக்காரரும் நானும் 31 வருடம் ஒன்றாக இருந்தோம். நல்ல மனுஷர். அவருக்கு எவ்வளவு கடன் இருந்தது என்று அவர் போன பிறகு, வாசலுக்கு வந்தவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

இது நம் ஊருக்கு மட்டும் தோன்றிய யோசனையும் இல்லை. ஆப்பிரிக்காவில் ருவாண்டா என்ற நாட்டில் பண்டெபெரேஹோ என்று ஒரு திட்டம். இளம் அப்பாக்களுக்கு 15 அமர்வு, அதில் பாதிக்கு மனைவிமாரும் கூட வருவார்கள். நடத்துகிறவர்கள் பயிற்சி எடுத்துக்கொண்ட உள்ளூர்க்காரர்கள். வகுப்புக்கு வந்த குடும்பங்களையும் வராத குடும்பங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஏறத்தாழ இரண்டு வருடம் கழித்தும் வந்த வீடுகளில் அடி உதை குறைவாக இருந்தது, வீட்டு வேலையில் ஆண்கள் கைகொடுப்பது கூடியிருந்தது. அங்கே முடிந்தது இங்கே முடியாதா?

நம்மிடம் அடிப்படை ஏற்கெனவே இருக்கிறது. கத்தோலிக்க வீடுகளில் கல்யாணத்துக்கு முன் தயாரிப்பு வகுப்பு உண்டு. நல்ல விஷயம்தான். ஆனால் அந்த வயசில் காதில் என்ன ஏறும்? முதல் பிள்ளை பிறந்து, முதல் நகை அடகுக்குப் போன பிறகுதான் கேட்க வேண்டிய கேள்விகளே வரும். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் வேறு மாதிரி. அங்கே சபுருக்கு, அதாவது வெளிநாட்டு வேலைக்குப் போன மாப்பிள்ளை விடுமுறைக்கு வருகிற சில வாரம்தான் தடைக்காலம் மாதிரி. போனில் தினமும் பேசிய இரண்டு பேர், ஒரே வீட்டில் திடீரென்று புது ஆட்களாகிவிடுகிறார்கள். பிள்ளை அப்பாவைப் பார்த்து ஒளிகிறது. அந்த ஊர்களில் எப்போது நடத்தலாம் என்பதை ஜமாஅத்துதான் சொல்ல வேண்டும். நாட்டுப்படகுக்காரர்களுக்குத் தடை இல்லை, அவர்களுக்குக் காற்று பலமாக வீசிக் கரையில் நிற்கும் நாட்கள் இருக்கின்றன. எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு இலங்கைச் சிறையில் இருந்துவிட்டு வருகிறவரை ஊரே கூடி வரவேற்கிறோம். அப்புறம் அவர் ராத்திரியில் திடுக்கிட்டு எழுந்து உட்காருவதை அவர் மனைவி மட்டும்தான் பார்க்கிறாள். அந்த வீடுகளுக்குத் தனிக் கவனம் வேண்டும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லிவிடுகிறேன். இந்த வகுப்பு, "அனுசரிச்சுப் போம்மா" என்று பெண்ணை அடக்கி உட்கார வைக்கிற இடமாக ஆகிவிடக் கூடாது. பல வருடத்துக்கு முன், ஒரு ஊர்க் கூட்டத்தில், அடி தாங்காமல் தாய்வீட்டுக்குப் போன ஒரு பெண்ணைப் பேசிச் சமாதானம் பண்ணி திருப்பி அனுப்பினார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தேன். வாயைத் திறக்கவில்லை. அடுத்த மாதம் அவள் கை முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அடிப்பவரையும் அடி வாங்குபவளையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்து மனம் விட்டுப் பேசச் சொன்னால், வீட்டுக்குப் போன பிறகு பேசியதற்கே அவளுக்கு அடி விழும். அதனால் முதல் நாள் பெண்களிடம் தனியாகப் பேச வேண்டும். அடி உதை இருந்தால் அது வகுப்புக்கான விஷயம் இல்லை. 2005-இல் வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது, மாவட்டத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார், 181 என்ற எண் இருக்கிறது. அந்த எண்ணை கொட்டகைச் சுவரில் பெரிதாக எழுதிவையுங்கள். குடியை விட நினைக்கிறவர்களுக்கு மருத்துவ உதவி எங்கே கிடைக்கும் என்பதையும் அதன் கீழேயே எழுதுங்கள்.

இதற்குப் பெரிய செலவு இல்லை. கொட்டகை இருக்கிறது. மகளிர் குழுக்கள் இருக்கின்றன. ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியர் ஒரு நாள் வந்து பேசுவார். மீதி ஐந்து நாளும் நம் ஊர் ஆட்களே நடத்தலாம். முக்கியமாக, ஆண்களைக் கூப்பிடும் குரல் உங்களுடையதாக இருக்க வேண்டும். நான் கூப்பிட்டு வந்தது எட்டுப் பேர். அதற்கே வீடு வீடாக மூன்று தடவை நடந்தேன். சங்கத் தலைவர் ஒரு வார்த்தை சொல்லி, தன் வீட்டம்மாவோடு முதல் பாயில் வந்து உட்கார்ந்தால் எண்பது பேர் வருவார்கள்.

மே 1-ஆம் தேதி கிராமசபை. தடைக்காலத்தின் நடுவில் வருகிறது, ஆண்களும் ஊரில் இருப்பார்கள். அன்றைக்கு ஒரு தீர்மானமாக இதைக் கொண்டுவாருங்கள். எந்த ஆறு சாயங்காலம், எந்தக் கொட்டகை, யார் பொறுப்பு என்று மூன்றை மட்டும் அதில் எழுதினால் போதும். பாய் விரிக்கவும் புளியங்கொட்டை கொண்டுவரவும் நான் இருக்கிறேன். பக்கத்து ஊர்களில் சொல்லிக்கொடுக்கக் கூப்பிட்டாலும் பஸ் ஏறி வந்துவிடுவேன்.

அன்புடன்,
உங்கள் பழைய அங்கன்வாடி டீச்சர்