எத்தனை டன் என்று எழுதும் முன்

அன்பு மகளுக்கு,

தெற்கு அட்லாண்டிக்கில் உள்ள தெற்கு ஜார்ஜியா தீவின் மக்கரோனி பெங்குயின்கள் ஆண்டுக்கு எவ்வளவு இரை தின்கின்றன என்று கணக்குப் போட உட்கார்ந்திருக்கிறாய். சூத்திரம் சின்னதுதான். ஒரு பறவைக்கு நாளொன்றுக்கு வேண்டிய ஆற்றலைச் செரிமான விகிதத்தால் வகுத்து, வருவதை ஒரு கிராம் இரையிலுள்ள ஆற்றலால் வகுத்து, பறவைகளாலும் நாட்களாலும் பெருக்க வேண்டும். அதில் போடும் எண்கள்தான் காலை வாரும்.

ஒரு பறவைக்கு 4,000 கிலோஜூல் என்று வைத்துக்கொள். செரிப்பது 75 சதவீதம் என்றால் 5,333 உள்ளே போயாக வேண்டும். இறால் போன்ற குட்டி உயிரியான கிரில் கிராமுக்கு 4.5 கிலோஜூல் என்றால், சுமார் 1,185 கிராம். அதையே 8 கிலோஜூல் உள்ள கொழுத்த விளக்குமீனாகத் தின்றால் 667 கிராம் போதும். பறவை அதேதான், டன் மட்டும் ஏறக்குறைய பாதியாகிவிட்டது! அதனால் இரைப் பட்டியலில்தான் அதிக நேரம் செலவிடு. கிரில் வற்றிப்போன 1994-இல் இதே பெங்குயின்கள் தெமிஸ்டோ என்ற குட்டி ஓட்டுயிரிக்கு மாறின. ஒரு நல்ல ஆண்டின் பட்டியலை எல்லா ஆண்டுக்கும் நீட்டாதே.

அந்தப் பட்டியலுக்காகப் பெங்குயினின் வயிற்றை நீரால் அலசி எடுக்கும் மாதிரிகள் பெரும்பாலும் குஞ்சு வளர்க்கும் மாதங்களில் கிடைத்தவை. குளிர்காலம் முழுக்கக் கடலில் தின்றது அதில் இல்லை. இன்னொன்று, கணவாயின் அலகு செரிக்காமல் வாரக்கணக்கில் தங்கும், மீனின் காதுக்குள் இருக்கும் குட்டிக் கல்லான செவிக்கல்லோ கரைந்துபோகும். எண்ணிப் பார்த்தால் கணவாய் கூடும், மீன் குறையும். ஃபர் சீல் என்ற கடல் பாலூட்டியின் எச்சத்தை அலசும்போதும் இதே தொல்லைதான், சிறிய செவிக்கற்கள் மிஞ்சுவதே அரிது.

சிறகு உதிர்க்கும் வாரங்களில் பெங்குயின் கரையில் பட்டினி கிடக்கும். அந்த நாட்களை அப்படியே வெட்டிவிடாதே, கண்ணு. அப்போது எரியும் கொழுப்பு, கரையேறும் முன் கடலில் தின்று சேர்த்ததுதான். அந்தச் செலவை முந்தைய வாரங்களின் கணக்கில் ஏற்று.

எண்ணிக்கையைப் பற்றி: கூடுகளை எண்ணினால் ஜோடிகள்தான் கிடைக்கும். இந்த இனம் சுமார் 5 வயதில்தான் இனப்பெருக்கத்துக்கு வரும், அதுவரை உள்ள இளசுகள் கணக்கில் விழாது. அவற்றைத் தனி வரியாகச் சேர். எண்ணிக்கை எடுத்த ஆண்டையும் பக்கத்திலேயே எழுது. 1970-களுக்குப் பிறகு அங்கே மக்கரோனி வெகுவாகக் குறைந்துவிட்டது, பழைய எண்ணைப் போட்டால் இல்லாத பறவைக்கும் சோறு போட்டதாகிவிடும்.

ஒவ்வொரு எண்ணுக்கும் கீழ் எல்லை, மேல் எல்லை வைத்து, அவற்றுக்குள் எண்களை மாற்றி மாற்றிக் கணக்கை ஆயிரம் முறை ஓட்டி, வரும் வீச்சோடு அனுப்பு. படிக்கக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா